தினம் பத்து ரூபாய்

உங்கள் வீட்டு வாசலில் யாராவது கழற்றிப் போட்ட பூட்ஸ் இருந்தால், அதை ஒரு தரம் கையில் எடுத்துப் பாருங்கள். "நன்றாயிருக்கிறது! விளக்கேற்றுகிற வேளையில் பூட்ஸைத் தொடச் சொல்கிறீர்களே!" என்று கோபித்துக் கொள்ளாதீர்கள். காரியமாகத்தான் சொல்கிறேன். சில தினுசுப் பூட்ஸ்களில், விரல்கள் அடங்கும் பாகத்தைச் சுற்றி, மேல் தோலைச் சுருக்கிச் சுருக்கிக் கெட்டி நூலால் தைத்திருப்பார்கள். சோமாசியின் ஓரத்தை மடித்து மடித்து விடுகிறோமே, ஏறக்குறைய அந்த மாதிரி இருக்கும்.

அந்தத் தையலை ஏதோ மிஷின் போட்டுத் தள்ளுகிறது என்றுதான் வெகு நாள் வரையில் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அது கைத்தையல், அதிலும் பெண்களின் கைத்தையல். ஆம்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில், சமையலை முடித்துக் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து, தடித்த தோலில் ஊசியைக் குத்தி வலித்து இழுக்கிறார்கள். ஏஜெண்டு வந்து தோலைக் கொடுத்துவிட்டுப் போவார்; தைத்ததை எண்ணி வாங்கிக்கொண்டு போவார். கூலி ஜோடிக் கணக்கு.

கூலி எவ்வளவு என்று கேட்கிறீர்களா? பெங்களூரில் உள்ள 'சிவிடெப்' என்ற ஸ்தாபனமும், இங்கிலாந்தில் வீட்டுத் தொழிலாளிகளுக்காகப் பாடுபடும் சங்கம் ஒன்றும் சேர்ந்து விசாரித்து 2016-ல் ஓர் அறிக்கை வெளியிட்டன. ஒரு ஜோடிக்கு இங்கிலாந்துக் காசில் 10 பென்ஸுக்கும் குறைவு. அதாவது, அன்றைய கணக்கில் நம்முடைய பத்து ரூபாய்க்குள்தான். அதே பூட்ஸ் அங்கே கடைக் கண்ணாடிக்குள் போய் உட்கார்ந்தால் ஆயிரக்கணக்கில் விலை!

அந்தப் பத்து ரூபாயை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் நான் சொல்லப் போவது முழுவதும் பத்து ரூபாய்க் கதைதான்.

★

சென்னையிலிருந்து பெங்களூர் போகிற ரயிலில் காட்பாடி தாண்டி, குடியாத்தம் தாண்டி, ஆம்பூர் வருகிறபோது ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, பாலாறு என்ற பெயரில் நீளமாகக் கிடக்கும் மணல். மற்றொன்று, காற்றில் வரும் தோல் வாசனை. மூன்றாவதாக பிரியாணி வாசனையும் உண்டு என்று என் பக்கத்து சீட்டுக்காரர் திருத்தினார். இருக்கட்டும்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று. இதில் கோயில் குறை தீர்ந்துவிட்டது; 1981-ல் ஜலகண்டேசுவரர் திரும்பவும் கோட்டைக் கோயிலுக்குள் எழுந்தருளிவிட்டார். மற்ற இரண்டும் அப்படியே இருக்கின்றன. ஆனால் அந்தச் சீமையில் குறைவில்லாமல் கிடைப்பது ஒன்று உண்டு, அது வெயில். சித்திரை வைகாசியில் வேலூரில் ஒரு நாள் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கொடியில் போட்ட புடைவை அடுத்த புடைவையைப் பிழிவதற்குள் காய்ந்துவிடும்.

இந்த வெயிலுக்கும் அந்தத் தையலுக்கும் என்ன சம்பந்தம்?

தோல் கறுப்பு, நூலும் கறுப்பு. கறுப்பில் கறுப்பைத் தைக்க எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று, கறுப்பு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துத் தைத்திருக்கிற உங்களுக்குத் தெரியாதா? பொழுது சாய்ந்தால் திண்ணை இருண்டுவிடும். வீட்டுக்குள்ளே நடுக்கூடத்தில் ஒரு பல்பு. அதன் கீழேதான் குழந்தை படிக்க வேண்டும், அடுப்புக்கும் அதே வெளிச்சம்தான், தையலுக்கும் அதேதான்.

"ஏன், தமிழ்நாட்டில் மின்சாரக் கம்பி போகாத ஊர் உண்டா?" என்று நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. மலைமேல் இருக்கும் சில குடியிருப்புகளை விட்டால், கம்பி போகாத ஊர் இல்லைதான். 2016-லிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகவும் கிடைத்து வருகிறது. ஆனால் கம்பி வீட்டுக்கு வருவது வேறு, மின்சாரம் பிழைப்புக்கு வருவது வேறு. 2012-ஐ மறந்துவிட்டீர்களா? சென்னையில் நாம் இரண்டு மணி நேர மின்வெட்டுக்கே விசிறியும் கையுமாகப் புலம்பினோம். ஜில்லாக்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலே வெட்டு இருந்தது. ஜோடிக் கணக்கில் கூலி வாங்குகிறவளுக்கு வெட்டு மின்சாரத்தில் மாத்திரமா? கூலியிலும்தான். வாரச் சந்தையில் தரையில் துணி விரித்துக் கடை போடுகிறவர்களுக்கும், சாயங்காலம் தள்ளுவண்டியில் பஜ்ஜி போடுகிறவர்களுக்கும் எந்தக் காலத்திலும் கம்பி கிடையாது.

ஆகவே வெயிலைப் பிடித்து விளக்காக்கலாம், மிஷினை ஓட்டலாம் என்றால் அது வெறும் நாகரிகப் பேச்சல்ல. கூரைமேல் ஒரு சோலார் தகடு, கீழே ஒரு பாட்டரி. தையல் மிஷினில் காலால் மிதிப்பதற்குப் பதில் ஒரு சின்ன மோட்டார். சூரிய பகவான் மாதக் கடைசியில் பில் அனுப்புவதில்லை. ஆனால் தகட்டுக்கும் பாட்டரிக்கும் கடைக்காரர் முன்னாலேயே பணம் கேட்கிறார். ஐந்து வருஷத்து மண்ணெண்ணெயை ஒரே நாளில் வாங்கு என்று சொன்னால் யாரால் வாங்க முடியும்? சோலார் விஷயமும் அந்த மாதிரிதான். செலவு குறைவு, ஆனால் அத்தனையும் முதல் நாளிலேயே.

★

இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஆம்பூர் வழியாகப் போகும் அதே ரயில் போய்ச் சேருகிற பெங்களூரில், 1995-ல் 'செல்கோ' என்ற கம்பெனி ஆரம்பமாயிற்று. ஆரம்பித்தவர்களில் ஒருவர் ஹரீஷ் ஹாண்டே. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கியவர். ஏழைகளுக்கு சோலார் விளக்கை விற்க முடியாது, விற்றாலும் பணம் வராது, அதைப் பழுது பார்த்துக் காப்பாற்றவும் அவர்களால் முடியாது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். 2011-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

ஆனால் அவர் படித்த முக்கியமான பாடம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கற்றதல்ல. ஒரு தெரு வியாபாரி கற்றுக் கொடுத்ததாக அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார். "மாதம் 300 ரூபாய் என்றால் என்னால் முடியாது, தினம் 10 ரூபாய் என்றால் கொடுத்துவிடுவேன்" என்று அந்த வியாபாரி சொன்னாராம்.

கணக்கு வாத்தியார் சிரிப்பார். முப்பது பத்து முந்நூறுதானே? ஆனால் சகோதரிகளே, நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். முதல் தேதி சம்பளம் வாங்குகிற வீட்டில் முந்நூறு ரூபாயை எடுத்துத் தனியாக வைக்கலாம். தினம் சாயங்காலம் காசு பார்த்து, ராத்திரியே அரிசி வாங்குகிற வீட்டில் முந்நூறு ரூபாய் சேர்ந்தாற்போல் இருபத்தொன்பது நாள் தங்குமா? குழந்தைக்கு ஜுரம் வரும், மைத்துனர் வருவார், கோயில் திருவிழா வரும். பணம் இல்லாமல் போவதில்லை, தங்காமல் போகிறது.

இந்த ரகசியத்தை நம் ஊரில் வெகு காலமாகத் தெரிந்து வைத்திருப்பவர் தண்டல்காரர். என் சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு ஒருவர் வருவார். நோட்டும் பென்சிலும் சட்டைப் பையில். சைக்கிளை நிறுத்தாமலே கையை நீட்டுவார். பூக்காரி, காய்கறிக்காரி, இஸ்திரிக்காரர் என்று வரிசையாகக் காசு போய் விழும். அவர் ஜாமீன் கேட்க மாட்டார். ரேஷன் கார்டு நகல் கேட்க மாட்டார். நாளைக்கு வா என்று சொல்ல மாட்டார். 1,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 900 ரூபாயைக் கையில் கொடுப்பார். தினம் 10 ரூபாய், நூறு நாள்.

"நூறு ரூபாய்தானே வட்டி, பரவாயில்லையே!" என்று தோன்றுகிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் தினம் தினம் அசல் திரும்பிக்கொண்டே இருப்பதால், சராசரியாக 450 ரூபாய்தான் உங்கள் கையில் இருக்கிறது. 450 ரூபாய்க்கு நூறு நாளில் 100 ரூபாய் வட்டி. வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தால் நூற்றுக்கு எண்பது! பாங்கில் இருப்பவர் எவராவது உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

ஆக, தண்டல்காரரிடம் தவணை நல்லது, வட்டி கெட்டது. பாங்கில் வட்டி நல்லது, தவணை கெட்டது. பாங்கு வட்டியையும் தண்டல்காரர் தவணையையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தால் என்ன? ஹாண்டேயும் அவர் கூட்டாளிகளும் செய்ய முயன்ற காரியம் இதுதான். விளக்கு விற்பதைவிட, கிராமத்து பாங்கு மானேஜர்களிடம் நடையாய் நடந்து, விளக்கு வாங்குகிறவள் சம்பாதிக்கிற விதத்துக்குத் தகுந்தபடி கடனை வெட்டித் தைக்கச் சொல்வதுதான் பெரிய வேலையாக இருந்தது. அறுவடைக்கு அறுவடை காசு பார்க்கிறவருக்கு அறுவடைத் தவணை. தினக்கூலிக்காரிக்குத் தினத் தவணை.

அவர்களுக்கு முன்னால் நின்று கைகொடுத்த பாங்குகளில் ஒன்று சிண்டிகேட் பாங்கு. 2020-ல் அது கனரா பாங்கோடு இணைந்துவிட்டது. ஆனால் அதன் பூர்வோத்தரம் கேட்க ருசியானது. 1925-ல் உடுப்பியில், கைத்தறி நெசவாளிகள் நொடித்துப் போயிருந்த சமயத்தில், டி.எம்.ஏ. பாய் என்ற டாக்டர் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து அந்த பாங்கை ஆரம்பித்தார். 1928-ல் 'பிக்மி டெபாசிட்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். ஏஜெண்டு தினம் வீட்டு வாசலுக்கு வந்து இரண்டணா வாங்கிக்கொண்டு போவார். இரண்டணா! தண்டல்காரரின் அதே நடைதான். ஆனால் வட்டி வாங்குவதற்குப் பதில் வட்டி கொடுத்தார்கள். அப்படிப்பட்ட பாங்குக்குத் தினம் பத்து ரூபாய் புரிந்ததில் ஆச்சரியம் என்ன?

2003-ல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பும் இதில் சேர்ந்துகொண்டது. கனரா, சிண்டிகேட் பாங்குகள் தென்னிந்தியாவில் சோலார் விளக்குக்குக் கடன் கொடுக்க, வட்டியில் ஒரு பகுதியை அந்த அமைப்பு ஏற்றுக்கொண்டது. பழக்கம் வந்த பிறகு அந்தச் சலுகையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். குழந்தைக்கு நடை பழக்குகிறபோது விரலைக் கொடுத்து, பிறகு மெல்ல விடுகிறோமே, அது மாதிரி. அந்தச் சில வருஷங்களில் சுமார் ஒரு லட்சம் பேர் இருக்கும் வீடுகளில் விளக்கு எரிந்தது.

★

இதுவரை விளக்கு வாங்குகிறவளைப் பற்றிப் பேசினோம். விளக்கை விற்கிறவரை, வாடகைக்கு விடுகிறவரை, பழுது பார்க்கிறவரை யாராவது நினைத்தோமா? அவருக்கு யார் கடன் கொடுப்பது?

ஒரு கணக்குப் போடுவோம். சமையலறைக் கணக்குதான், பயப்படாதீர்கள். ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ஒரு பெண்மணி சின்னக் கடை வைத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பகலில் கூரைமேல் தகட்டைப் போட்டு இருபது விளக்குகளுக்கு மின்சாரம் ஏற்றி, சாயங்காலம் சந்தைக் கடைக்காரர்களுக்கும் வண்டிக்காரர்களுக்கும் விளக்குக்குப் பத்து ரூபாய் வாடகைக்கு விடலாம் என்று அவளுக்கு யோசனை. தகடும் விளக்குமாக 40,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் வருமானம் 200 ரூபாய்.

தண்டல்காரரிடம் போனால், கையில் 40,000 வேண்டுமானால் 44,000-க்கு மேல் எழுதிக் கொடுக்க வேண்டும். நூறு நாளில் அடைக்க, தினம் 444 ரூபாய். வருமானமோ 200. மூன்றாம் நாளே தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகும்.

பாங்கில் நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியில் ஒரு வருஷத் தவணைக்குக் கொடுத்தால், மாதம் ஏறக்குறைய 3,550 ரூபாய் கட்டினால் போதும். மாதத்தில் இருபத்தைந்து நாள் வாடகை கிடைத்தாலும் 5,000 வருகிறது. மிச்சத்தில் பழுது பார்க்கலாம், பாட்டரிக்கு எடுத்து வைக்கலாம், கொஞ்சம் வீட்டுக்கும் ஆகும். வருஷ முடிவில் இருபது விளக்கும் அவளுடைய சொத்து. அதே பெண், அதே விளக்கு, அதே வெயில். கெடு மாத்திரம்தான் மாறியிருக்கிறது. சின்னத் தொழிலைக் காப்பாற்றுவதும் கவிழ்ப்பதும் பணத்தின் தொகை அல்ல, அதன் பொறுமை.

ஆனால் பாங்கு மானேஜர் கேட்பார்: "ஜாமீன் யார்? முன்பணம் எங்கே?" அவரைக் குறை சொல்லிப் பயனில்லை; அது ஊரார் போட்டு வைத்த பணம், உங்களுடையதும் என்னுடையதும். அந்த இடத்தில்தான் ஒருவர் நடுவே நிற்க வேண்டியிருக்கிறது. செல்கோ போன்றவர்கள் இப்படி விளக்கு வாடகைக்கு விடுகிறவர்களுக்காக பாங்கில் உத்தரவாதம் கொடுத்தார்கள்; முன்பணத்துக்குத் தர்ம ஸ்தாபனங்களின் பணத்தைத் திரட்டினார்கள். பாங்குக்குத் தைரியம் வருகிறவரை உடன் நின்றார்கள்.

சர்க்கார் திட்டங்களும் இல்லாமல் இல்லை. 2008-ல் வந்த பிரதம மந்திரி வேலைவாய்ப்புத் திட்டத்தில், கிராமத்தில் தொழில் தொடங்கும் பெண்ணுக்குச் செலவில் நூற்றுக்கு 35 மானியம் என்று வகுத்தார்கள். 2015-ல் ஜாமீன் இல்லாத முத்ரா கடன் வந்தது. நம் மாநிலத்தில் 2017-ல் உலக பாங்குக் கடனோடு ஆரம்பித்த 'வாழ்ந்து காட்டுவோம்' திட்டத்தில், கிராமத்துச் சிறு தொழில்காரர் கடனில் நூற்றுக்கு எழுபதை ஒழுங்காகக் கட்டிவிட்டால் மீதி முப்பது மானியம் என்று ஏற்பாடு செய்தார்கள். எல்லாம் நல்ல திட்டங்களே. ஆனால் சட்டை தைத்துக் கடையில் தொங்கவிட்டால் போதுமா? போடுகிறவர் உடம்புக்கு அளவு பார்த்துப் பிடித்துக் கொடுக்க ஒரு தையல்காரர் வேண்டாமா?

★

இப்போது மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நல்லதை மாத்திரம் சொல்லிப் போனால் நீங்களே என்னை நம்ப மாட்டீர்கள்.

கடன் என்பது கத்தி மாதிரி. காய் நறுக்கலாம், கையையும் நறுக்கிக்கொள்ளலாம். வேலூருக்கு அடுத்த ஜில்லா சித்தூர், ஆந்திரத்தைச் சேர்ந்தது. அந்த ஆந்திர மாநிலத்தில் 2010-ல் என்ன நடந்தது? குழுக் குழுவாகப் பெண்களுக்குச் சிறு கடன் கொடுத்த கம்பெனிகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கடனைத் திணித்து, வசூலுக்கு வாசலில் வந்து நின்றன. தற்கொலைகள் வரை போய், சர்க்கார் அவசரச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே விளக்குக்குக் கடன் என்றால், விளக்கு அந்தக் கடனைச் சம்பாதித்துக் கொடுக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நம்முடைய பூட்ஸ் தைக்கும் பெண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு ஒரு ஜோடிக்குக் கிடைத்தது பத்து ரூபாய்க்குள். விளக்குக்குத் தவணை தினம் பத்து ரூபாய். அதாவது தினம் ஒரு ஜோடி, விளக்குக்காகவே தைக்க வேண்டும்! வெளிச்சம் வந்ததால் இரண்டு ஜோடி கூடுதலாகத் தைத்தால் கணக்குச் சரி. ஆனால் ராத்திரி பத்து மணி வரை குனிந்து தைத்துத் தோளும் கண்ணும் போனால்? வெளிச்சம் வேலை நேரத்தை நீட்டும். கூலியைத் தானாக நீட்டிவிடாது. ஏஜெண்டு கொடுக்கிற கூலி அப்படியே இருந்தால், வெயிலில் பிறந்த வெளிச்சமும் முதலாளிக்குத்தான் போய்ச் சேரும். அதனால்தான் சொல்கிறேன்: அவளுக்கு விளக்கு மாத்திரம் போதாது. அவளே விலை வைத்து விற்கக்கூடிய ஒரு தொழிலுக்கு, ஒரு தையல் மிஷினுக்கோ மாவு மிஷினுக்கோ, அந்த வெயிலைத் திருப்பிவிட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை, அண்டை நாட்டிலிருந்து. வங்காள தேசத்தில் 1996-ல் 'கிராமீன் சக்தி' என்ற ஸ்தாபனம் தவணைக்கு சோலார் விளக்கு கொடுக்க ஆரம்பித்தது. 2003-லிருந்து அந்த நாட்டு சர்க்கார் நிதி ஸ்தாபனம் ஒன்று இதைப் போன்ற பல ஸ்தாபனங்களுக்குக் கடன் கொடுத்து ஊக்கியது. நாற்பது லட்சம் வீடுகளுக்கு மேல் சோலார் போயிற்று! உலகமே மூக்கில் விரலை வைத்தது. பிறகு மின்சாரக் கம்பியும் கிராமங்களுக்கு வந்தது. இலவச விளக்கும் சர்க்கார் கொடுத்தது. "கம்பியே வந்துவிட்டதே, தகட்டுக்கு எதற்குத் தவணை?" என்று ஜனங்கள் கட்டுவதை நிறுத்தினார்கள். விற்ற ஸ்தாபனங்கள் தள்ளாடின. இலங்கையிலும் சர்வோதய இயக்கத்தின் கடன் ஸ்தாபனம் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு சோலார் கடன் கொடுத்தது. அங்கேயும் கம்பி வந்ததும் வியாபாரம் படுத்தது. வெறும் பல்புக்காகக் கொடுத்த கடனைக் கம்பி வந்து அடித்துவிடும். பிழைப்புக்காகக் கொடுத்த கடன் நிற்கும். கம்பி போகாத ஊரே அநேகமாக இல்லாத நம் தமிழ்நாட்டுக்கு இது மிகவும் பொருந்தும்.

★

"ஆம்பூர், வேலூர்ப் பக்கத்தில் இதெல்லாம் நடக்குமா? சின்னச் சின்னத் தொழில்காரர்களுக்குச் சேர்ந்து முதல் போட யார் வருவார்கள்?" என்று கேட்டால், அந்த ஊர்களே ஒரு முறை பதில் சொல்லியிருக்கின்றன.

தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு நீரால் பாலாறும் கிணறுகளும் வயல்களும் கெட்டு, வேலூர்ப் பிரஜைகள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. கெடுத்தவனே விலை கொடுக்க வேண்டும் என்ற நியாயத்தை இந்தியாவில் ஊன்றிய தீர்ப்பு அது. ஆனால் சின்னத் தோல் ஷாப்புக்காரர் தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட எங்கே போவார்? வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டையில் பல ஷாப்புகள் சேர்ந்து பொது நிலையம் அமைத்தன. அதற்கென்று இருந்த திட்டத்தில், ரூபாய்க்கு நாலணா மத்திய சர்க்கார், நாலணா மாநில சர்க்கார், மீதி எட்டணா பாங்குக் கடனும் முதலாளிகளின் சொந்தப் பணமும். அந்த ஏற்பாட்டில் குறைகள் உண்டு. பாலாறு இன்னும் பழைய பாலாறு ஆகிவிடவில்லை. ஆனாலும் சிறியவர்கள் சேர்ந்து நின்றால் பெரிய பணம் வரும் என்பதற்கு அதுவே சாட்சி.

முதலாளிகளுக்கு அந்தப் பணம் வந்தது, பின்னால் நீதிமன்றத்தின் பிரம்பு இருந்ததால். ஊசி பிடித்த பெண்களுக்குப் பணம் வர எந்த நீதிமன்றம் பிரம்பெடுக்கும்? நம் மனச்சாட்சிதான் எடுக்க வேண்டும்.

பெண்கள் சேர்ந்து நிற்பது நமக்குப் புதிதல்லவே! 1989-ல் அடுத்த தர்மபுரி ஜில்லாவில் சர்வதேச உதவியுடன் தொடங்கிய பெண்கள் முன்னேற்றத் திட்டம்தான் பிறகு தமிழ்நாடு முழுவதும் மகளிர் சுயஉதவிக் குழுக்களாகத் தழைத்தது. ஒருவருக்கு மற்றவர் ஜாமீன். தண்டல்காரரைப் போலச் சின்னத் தவணை. பாங்கைப் போலக் குறைந்த வட்டி. பாதை அவர்கள் போட்டதுதான். அதில் சோலார் வண்டியும் போகலாம்.

வண்டி என்றதும் நினைவு வருகிறது. பக்கத்துத் திருவண்ணாமலையில், பள்ளிக்கூடச் சிறுமியாக இருந்தபோது வினிஷா உமாசங்கர் சோலாரில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். தெருவில் இஸ்திரிக்காரர் கரியைக் கொட்டிக் கொண்டிருந்ததைப் பார்த்துத் தோன்றிய யோசனையாம். 2021-ல் கிளாஸ்கோ நகரில் நடந்த உலகச் சுற்றுச்சூழல் மகாநாட்டில் போய்ப் பேசினார். கேட்கவே பெருமையாக இருக்கிறது. ஆனால் உங்கள் தெரு முனையில் இன்றைக்கும் கரிப்பெட்டிதானே புகைகிறது? யோசனை குழந்தைக்கே வந்துவிட்டது. முதல்தான் பெரியவர்களிடமிருந்து வரவில்லை.

★

"நாங்கள் என்ன செய்ய முடியும்? பாங்கா நடத்துகிறோம்?" என்பீர்கள். நடத்துகிறீர்களே! உங்கள் அஞ்சறைப் பெட்டியே ஒரு பாங்குதான்.

வீட்டு வேலைக்கு வருகிற அம்மாளுக்கு நீங்கள் எத்தனை தரம் முன்பணம் கொடுத்திருப்பீர்கள்! அதைச் சம்பளத்தில் ஒரேயடியாகப் பிடிக்காமல், அவளுக்குத் தாங்குகிற விதத்தில் பிடித்தால், அது நல்ல பாங்கு. உங்கள் மாதர் சங்கம் வருஷா வருஷம் தான தர்மம் செய்கிறதா? அடுத்த முறை பத்து விளக்கு வாங்கிப் படம் எடுத்துக்கொண்டு இலவசமாகக் கொடுப்பதற்குப் பதில், அந்தப் பணத்தை ஒரு கிராமக் குழுவுக்கு பாங்கு கேட்கும் முன்பணமாகப் போட்டு வையுங்கள். இலவச விளக்கின் பாட்டரி நாலைந்து வருஷத்தில் சாகும். பழுது பார்க்க ஆள் இருக்காது. அது பரண்மேல் ஏறும். கடனில் வாங்கிய விளக்கைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். பழுது பார்க்கிறவருக்கும் பிழைப்பு இருக்கும். உங்கள் வீட்டிலோ உறவிலோ பாங்கு உத்தியோகஸ்தர் இருந்தால், சாப்பாடு போடுகிறபோது மெல்லக் கேளுங்கள்: "ஏன், தினத் தவணையில் கடன் கொடுத்தால் உங்கள் பாங்கு முழுகிவிடுமா?" ரசம் நன்றாக இருக்கிற நாளாகப் பார்த்துக் கேளுங்கள்.

பூட்ஸ் வாங்கப் போனால் கடைக்காரரிடம், "இதைத் தைத்தவருக்கு என்ன கொடுத்தார்கள்?" என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். பதில் வராது. ஆனால் பல பேர் கேட்டால், கேள்வி ஏஜெண்டையும் தாண்டி முதலாளி வரை போகும்.

சரி, கையில் எடுத்த பூட்ஸை வாசலில் வைத்துவிட்டுக் கை கழுவிக்கொள்ளுங்கள், விளக்கேற்றுகிற நேரம். நீங்கள் சுவிட்சைத் தட்டுகிற அதே நிமிஷத்தில், ஆம்பூருக்கு அந்தண்டை ஒரு திண்ணையில் ஒருத்தி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பாள், வானத்தை அண்ணாந்து பார்த்தபடி. பகல் முழுதும் அவள் தலைமேல் கொளுத்திய வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக் கொண்டிருக்கும். அதில் ஒரு பிடி அவளுக்கு மிச்சமாக வேண்டுமானால், தினம் பத்து ரூபாயைப் பொறுமையாக வாங்கிக்கொள்ள ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.